வடக்கே சிவந்தால் வடதுருவ ஒளி

நம் ஜில்லாவில் புதிதாக ஓர் இனம் தோன்றியிருக்கிறது. ஜோசியர் அல்ல, வானசாஸ்திரியும் அல்ல; ஆனால் அவர்கள் இருவரும் வாய் திறப்பதற்குள் இவர் பேசி முடித்திருப்பார். சூரியப் புயல்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், பாருங்கள்.

அடையாளம் சுலபம். உடைந்த கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் கருக்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெரு என்றும் பாராமல் நடுவில் நின்று, உச்சிவெயிலில் அண்ணாந்து சூரியனைப் பார்த்து, "சூரியப் புள்ளி பெருத்திருக்கு வே" என்று பெருமூச்சு விட்டு, மூக்கெல்லாம் கரியாகத் திரும்புகிறவர் எவரோ அவரே. கரியைத் துடைக்கச் சொல்லிவிடாதீர்கள். மாடு பால் கறக்கவில்லையா? புள்ளி. மாமியாருக்கு மூட்டுவலியா? அதுவும் புள்ளிதான்.

முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் நேசையா இந்த இனத்தில் முதல் தரம். அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். 1909 செப்டம்பரில் உலகமெங்கும் தந்திக் கம்பிகள் மக்கர் பண்ணின; சூரியனில் எழுந்த புயலே காரணம், பல சீமைகளில் வானம் சிவந்து ஒளிவிட்டது என்று பத்திரிகை எழுதிவிட்டது.

"நான் அப்பமே சொன்னேம்லா?" என்றார் நேசையா. அவர் சொல்லியிருந்தது பெருமழை. யார் போய்க் கேட்பது?

அதோடு விட்டாரா? வருகிற ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் சிவந்த அந்த வடதுருவ ஒளி நம் ஊரிலேயே தெரியும் என்று அறிவித்தார். மிஷன் கோயிலுக்கு வடக்கே சுடலைவடிவு என்பவளின் களம். கார் நெல் அறுவடை முடிந்து அந்த வாரம்தான் வைக்கோல் படப்பு போட்டிருந்தாள். அவளுடைய உழவுமாடு இரண்டுக்கும் வருஷம் முழுவதற்கும் அந்த வைக்கோல்தான். ஒளி பார்க்கப் படப்பு மறைக்கிறதே என்று நேசையா முன்கூட்டியே குறைப்பட்டுக்கொண்டார்.

ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் வடக்கே பார்த்து நின்றார்கள். சொல்லிவைத்தாற்போல் வானம் சிவந்தது. நேசையாவுக்கு மேனி சிலிர்த்தது. யாரோ கீர்த்தனை எடுத்தார்கள், மற்றவர்கள் கூடச் சேர்ந்தார்கள்.

அந்த ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் கோயில் மணி அடித்தால் தீ என்று அர்த்தம். வேதக்காரரோ, சுடலைமாடனைக் கும்பிடுகிறவரோ, எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். உபதேசியார் தேவமணி பைய மணிக்கயிற்றின் பக்கம் போனார். நேசையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜனங்களைப் பயங்காட்டாதீரும் வே. அது வடதுருவ ஒளி."

"கருகல் வாடை அடிக்குதே, சார்வாள்?"

"அது காந்தத்தோட வாடை."

சுடலைவடிவு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சார்வாள், என் படப்பு எரியுது. மணி அடிக்கச் சொல்லுங்க."

"பதறாத. தூரத்துல தெரியுறது பக்கத்துல இருக்கமாதிரிதான் தோணும்."

அதுவரை கோயில் வாசல்படி மிதித்திராதவள், தேவமணியைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கீர்த்தனை பாதியில் நின்றது. ஊர் குடத்தோடு திரண்டது. பாதி வைக்கோல் மிஞ்சியது. மாடுகள் பங்குனிக்குப் பிறகு என்ன தின்னும் என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. மற்றதற்கெல்லாம் சிரித்த எனக்கு இதில் மட்டும் ஆத்திரம்தான் வருகிறது.

மறுநாள் நேசையா கடைத்தெருவில் சொன்னாராம்: "புள்ளியோட உஷ்ணத்துலதான் படப்பு பிடிச்சிருக்கு. போன வாரமே சொன்னேன், ஒருத்தனும் கேக்கலை."

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் வானம் சிவந்தது என்று படித்ததுமே 'படப்புதான் எரிகிறது' என்று கண்டுபிடித்துவிட்டீர்கள் அல்லவா? அந்த நிமிஷத்தில் உங்கள் கை குடத்தைத் தேடியதா, 'எனக்கு அப்போதே தெரியும்' என்று சொல்ல ஓர் ஆளைத் தேடியதா?