கழித்தலாரும் ஐம்பதாவது ஆளும்

சேலத்திலிருந்து நாமக்கல் வரை எண்ணத் தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். கழிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். நான் நூலகராக இருக்கும் கிளை நூலகத்தில் அவர் உதவியாளர். ஊரே அவரைக் கழித்தலார் என்றுதான் சொல்லும். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அவர் கையெழுத்தில் இருந்ததால் அதையும் யாராலும் படிக்க முடியவில்லை.

எங்களிடம் வருமுன் இருபது வருடம் நாமக்கல் ரோட்டில் ஒரு எடைமேடையில் இருந்தவர். சரக்கோடு லாரியை நிறுத்தி ஒரு எடை, சரக்கை இறக்கிய பிறகு காலி லாரிக்கு ஒரு எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சரக்கு. இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு அவர் உலகம் முழுவதையும் அளந்தார்.

"இன்னிக்கு நாப்பது வாசகர்" என்று நான் எழுத உட்கார்ந்தால், "அது மொத்த எடைங்க சார்" என்பார். மின்விசிறிக்கு வந்தவர் ஆறு பேர், பஸ் வரும்வரை நின்றவர் ஒன்பது பேர், ராசிபலன் மட்டும் பார்த்துவிட்டுப் போனவர் மூன்று பேர். அத்தனை பேரையும் கழித்து இருபத்திரண்டில் கொண்டுவந்து நிறுத்துவார். புதிய வாசிப்பு அறையைத் திறந்துவைத்த கவுன்சிலரையே அன்றைய கணக்கிலிருந்து கழித்தார். "ரிப்பன் வெட்டுனாருங்க. எதும் படிக்கலீங்களே."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு திங்கட்கிழமை மேலிடத்துக் கடிதம் வரும்வரை.

மாதம் ஒருமுறை நாங்கள் ஓர் உரையை இணையத்தில் ஒளிபரப்பி, அதன் பதிவை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். அப்படிப்பட்ட ஒரு பதிவையாவது ஐம்பது பேர் பார்த்திருக்க வேண்டும். இல்லாத கிளைகளில் கணினியும் இணைப்பும் வேறு கிளைக்குப் போய்விடும் என்றது கடிதம். கணினிப் பிரிவுக்கென்று தற்காலிகமாகப் போட்ட உதவியாளர் பணியும் அத்தோடு முடியும். அந்த உதவியாளர் கழித்தலார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் வருவார்.

நான் பயப்படவில்லை. எங்கள் கடைசி உரை, ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியை ஒருவர் தம் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய 'நம் ஊர்க் கிணறுகள்'. நாற்பத்து நான்கு நிமிடம். திரையில் பார்வைகள் 312 என்று காட்டியது. அந்த எண்ணை அழகாக எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு, கழித்தலாரிடம் நீட்டினேன்.

"மொத்த எடைங்க" என்றார்.

"அண்ணா, இது உங்க வேலைக்கே உலை."

"கடுதாசில அம்பது பேருன்னு போட்டிருக்குதுங்க. பேர எண்ணோணும்னா காலி வண்டியக் கழிக்கோணும்." என் மேசைமேல் இருந்த நாட்குறிப்பை எடுத்தார். மணி, நிமிடத்தோடு எழுதுவது என் பழக்கம். அவர் சத்தமாகப் படித்தார். "பத்து அஞ்சு, பார்வை நூத்திப் பதினெட்டு. பத்து இருவது, நூத்திப் பத்தொம்போது, மகிழ்ச்சி." நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க சார், அந்த ஒண்ணு ஆருன்னு நெனச்சீங்க?"

நாட்குறிப்பின்படி, எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க நான் அந்தப் பதிவை அறுபத்தொரு முறை திறந்திருந்தேன். அறுபத்தொன்றையும் கழித்தார். எண்ணிப் பார்த்தால், என் மகிழ்ச்சிக்கெல்லாம் காரணம் நானாகவே இருந்தேன்.

மீதியை நம்பவும் அவர் தயாராக இல்லை. உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் அழைத்தார். பார்த்தேன் என்று சொன்னால் போதாது. உரையின் நடுவில் அந்த ஆசிரியை வீட்டுக் குக்கர் விசில் விடும். அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். கழித்தலார் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தன விசில் வந்துதுங்க?"

மூன்று என்றவர்கள் உள்ளே. விசிலா என்றவர்கள் வெளியே. புதன்கிழமை சாயங்காலம் உள்ளே இருந்தவர்கள் இருபத்தொன்பது பேர். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மூன்று இட்லியையும் நிதானமாகச் சாப்பிட்டார்.

வியாழன் காலை என்னை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு போனைத் தூணில் கட்டிப் பன்னிரண்டு பேர் பார்த்ததாகத் தகவல். மனதுக்குள் நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டேன்.

"விசிலா?" என்றார் தறிக்காரர். "தறிச் சத்தத்துல இடி உழுந்தாலே கேக்காதுங்க. அந்தம்மா வாயசைக்கறதப் பாத்தோம். நல்லாத்தான் பேசுனாங்க."

கழித்தலார் பேனாவை மூடினார். 

"ஆனா நடுவுல கரண்டு போயிருச்சுங்க. அஞ்சு பேரு டீக்குப் போயிட்டாங்க. நாங்க ஏழு பேரு மறுக்கா மொதல்லருந்து போட்டுக் கேட்டோம். விசில் மூணு. பருப்பா இருக்கும்."

பேனா திறந்தது. முப்பத்தாறு.

அன்று மதியம் திருச்செங்கோட்டிலிருந்து ஓர் உறுப்பினர் அழைத்தார். அவர் கணவர் வேறு மாநிலத்தில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் இருக்கிறார். மனைவி அனுப்பிய பதிவை அங்கே எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்களாம். திரைக்கு அது ஒரு பார்வை. அங்கே இருந்ததோ பதிமூன்று பேர். முதல்முறையாகக் கழித்தலார் கூட்டப்போகிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் பதிமூன்று பேரையும் தனித்தனியாகப் போனுக்கு வரச் சொன்னார். ஒருவர் பதிலை அடுத்தவர் காதில் வாங்கிவிடக் கூடாது என்று ஆளுக்கொரு கேள்வி. அம்மா கட்டியிருந்த சேலை என்ன நிறம், பின்னால் சுவரில் என்ன தொங்கியது. பத்தாவது ஆள் பதில் சொல்லி முடித்ததும் சிக்னல் போய்விட்டது. இருபத்து மூன்று நிமிடம் இருவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி கிடைத்தபோது இருவர் பதில் சொன்னார்கள். கடைசியாக வந்தவர் சமையல்காரர். விசில் கேள்வி அவருக்கு விழுந்தது.

"நாலுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூணுதானுங்களே?" என்றார் கழித்தலார்.

"அந்தம்மாவுது மூணு. நம்ம அடுப்புல ஒண்ணு."

"சேத்திக்கறேன் சாமி."

நாற்பத்தொன்பது. பட்டியலில் அழைக்க வேறு யாரும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு நான் கெஞ்சத் தொடங்கினேன். "அண்ணா, நீங்க அந்த உரைய எத்தனை தடவை பார்த்தீங்க?"

"ஏழு தடவைங்க."

"உங்களை ஒண்ணாப் போட்டுக்கலாமே?"

"எட போடறவன் மேடைல ஏறி நிக்கக்கூடாதுங்க."

"அப்ப என்னைப் போடுங்க."

"நீங்க அறுபத்தோரு தடவ தொறந்தீங்க சார். ஒரு தடவகூடப் பாக்கலீங்க. அத்தனையும் காலி வண்டி."

கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. பத்து மணி இரண்டு நிமிடத்துக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து, அந்த உரையை முதலிலிருந்து ஓடவிட்டேன். முடியும்போது மணி பத்து நாற்பத்தாறு ஆகும். அதிகாரி பதினோரு மணிக்கு. போதும்.

அதிகாரி பத்து இருபத்தைந்துக்கே வந்துவிட்டார். கழித்தலார் வாசலிலேயே அவரை நிறுத்தினார். "மேடம், உள்ள ஒருத்தரு நிகழ்ச்சி பாக்கறாருங்க. சத்தமில்லாம வாங்க." அதிகாரி ஏதோ கேட்க வாயெடுத்தார்; கழித்தலார் உதட்டில் விரலை வைத்து ஒரு நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மாள் என் பின்னால் வந்து உட்கார்ந்தார். அவர் மூச்சு என் பிடரியில் படுவதுபோல் இருந்தது.

உரை முடிந்தது. கழித்தலார் பதிவேட்டோடு என் எதிரில் வந்து நின்றார். நான்கு வருடமாக என்னோடு டீ குடித்தவர் என்ற அடையாளம் அந்த முகத்தில் இல்லை.

"எத்தன விசில் வந்துதுங்க?"

அந்த வாரம் அந்தக் கேள்வி ஐம்பது தடவையாவது என் காதில் விழுந்திருந்தது. பதிலும் தெரியும். மூன்று என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்று நான் எண்ணவில்லை.

"தெரியலண்ணா" என்றேன். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "விசில் வந்தப்ப, கிணத்துல உழுந்த மோட்டாரை எடுக்க எறங்குன ஆளு பாதிக் கயித்துல தொங்கிக்கிட்டு இருந்தாரு. அந்தம்மா அவரை அப்படியே உட்டுட்டு அடுப்பை அணைக்கப் போயிட்டாங்க. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் மூச்சே உடலை."

கழித்தலார் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். லாரி மேடைமேல் ஏறி நின்றதும் முள் ஆடி அடங்கும்வரை காத்திருக்கும் பார்வை அது. பிறகு குனிந்து எழுதினார். ஐம்பது.

"நானும் பார்த்தேனே, என்னையும் சேர்த்துக்கலாமே?" என்றார் அதிகாரி சிரித்துக்கொண்டு.

"நீங்க பாதில வந்தீங்க மேடம். மொதல்லருந்து பாருங்க, அம்பத்தொண்ணு ஆயிரும்."

அதிகாரி 312-ஐயும் ஐம்பதையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பதுக்கு எதிரில் கையெழுத்துப் போட்டார். கணினி தங்கியது. கழித்தலாரும் அதற்குப் பிறகு இரண்டு வருடம் தங்கினார்.

இப்போது ஓமலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு பதிவும் வந்த மறுநாள் பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வரும். இப்போது எடை போடுபவன் நான் என்பதால் அவரைச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. அவர் ஏற்படுத்திய முறைப்படி ஒரு கேள்வி கேட்பேன். பதில் சரியாக இருந்தால் ஒன்று போடுவேன்.

போன மாத உரையின் நடுவே, பேசியவர் வீட்டு வாசலில் ஒரு காய்கறி வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் கூவிய முதல் காய் எது என்று கேட்டேன். 

"கண்ணசந்துட்டேனுங்க சார். இப்பெல்லாம் உக்காந்தா அப்படித்தான் ஆயிப்போகுது. என்னக் கழிச்சுருங்க."

"சரிங்கண்ணா" என்று போனை வைத்தேன்.

பதிவேட்டில் அந்த மாதம் ஐம்பத்து மூன்று என்று இருக்கிறது. சரியான எண்ணிக்கை ஐம்பத்திரண்டு.