விசில்காரர் வீட்டு டர்போ

சாப்பாட்டு மேஜையில், தண்ணீர்ச் செம்பு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு டர்போ உட்கார்ந்திருந்தது.

"இது என்ன?" என்றாள் மனைவி.

"டர்போ. நம்ம வேனோடது. எஞ்சினுக்குக் காத்த அமுக்கி ஊதுற சாமான்."

"அது தெரியும். இங்க அதுக்கு என்ன வேலை?"

"நேத்து பட்டறையில கழட்டுனாங்க. தனியாக் கிடக்க வேணாமேன்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

மகன் பிறந்தபோது அவனைக்கூட இந்த மனிதர் இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

தெருவில் அவருக்குப் பெயர் விசில்காரர். வீட்டுச் சாமான் ஏற்றிப்போகும் அவருடைய பழைய வேன், தெருமுனை திரும்பும்போதே நீளமாக ஒரு விசில் கொடுக்கும். "டர்போ பேசுது" என்பார் பெருமையாக. அந்தக் காலத்தில் விசில் கேட்டதும் மகனும் மகளும் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை விரிப்பார்கள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் டீ வந்துவிடும். தன் வீட்டு வாசலில் அவர் ஹாரன் அடித்ததே கிடையாது. இப்போது மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், மகன் மீசையை முறுக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறான். அந்த நாட்களில் மிச்சமிருந்தது விசில் ஒன்றுதான்.

அதற்கும் காலையில் மகன் உலை வைத்தான். "வண்டி மேடு ஏற மாட்டேங்குதுப்பா. டர்போ அவுட்டா இருக்கும். மெக்கானிக் சாயந்திரம் வந்து பாக்கட்டும். நல்லா இருந்தா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா வித்துடலாம், ஆள் ரெடி."

ரோஷத்தில் அப்பாவும் சரி என்றுவிட்டார்.

"நீ என்ன சொல்ற?" என்று மனைவியைக் கேட்டார்.

"போனாப் போகுது. அந்த ஊளையக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே போச்சு."

அவருக்குச் சுருக்கென்றது. சாயந்திரம் வரை பொறுக்க முடியாமல் தானே சோதனையில் இறங்கினார்.

டர்போவின் நடுத்தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். கொஞ்சமே கொஞ்சம் ஆடியது, அவ்வளவு ஆடலாம். முன்னும் பின்னும் இழுத்தார், அசையவில்லை. அந்தப் பக்கம் ஆடினால்தான் ஆபத்து. பிளேடுகளின் ஓரத்தைத் தடவினார், எங்கும் உடைந்திருக்கவில்லை. ஆனால் உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தது. பழைய ஈரமா, புதுக் கசிவா? துடைத்துவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கைக்கு எட்டிய துணியால் துடைத்தார்.

"அது உங்க மக அனுப்புன துண்டு" என்றாள் மனைவி.

"அலசிடறேன்."

அலசப்போனவர், டர்போவையும் கூடவே கழுவிவிடலாம் என்று சமையலறைத் தொட்டியில் டீசலை ஊற்றினார். துண்டும் வெளுக்கவில்லை, தொட்டியும் கறுத்தது. அடுப்பில் இருந்த பாலில்கூட டீசல் வாசம்.

"அத முதல்ல வெளிய கொண்டு போங்க."

"ஈரமா இருக்கும்மா. காய வைக்கணும்."

மகள் விட்டுப்போன ஹேர் டிரையர் ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் வைத்து ஊதினார். டர்போ சுற்றியது. ஆஹா, என்ன லேசாகச் சுற்றுகிறது என்று அவர் பூரித்துப்போன அதே நேரத்தில், உள்ளே இத்தனை காலம் அடைந்திருந்த கரியெல்லாம் ஜன்னல் வழியே கிளம்பி, கொடியில் காய்ந்த வெள்ளைப் போர்வைகளில் போய் உட்கார்ந்தது.

மனைவி வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதைவிட ஒன்று அவரை உலுக்கிவிட்டது. விசில் வரவில்லை. டிரையரை முழு வேகத்தில் வைத்தார். வரவில்லை. கடைசியில் வாயை வைத்தே ஊதினார். வாயைச் சுற்றிக் கரி வளையம் விழுந்ததுதான் மிச்சம்.

செத்துப்போச்சு என்று முடிவு கட்டினார். இனி யார் வருகிறார் என்று இந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்? தெருமுனையில் திரும்பினால் எவன் நிமிர்ந்து பார்ப்பான்?

சாயந்திரம் மெக்கானிக் உள்ளே வரும்போது, மகனும் பின்னாலேயே வந்தான். மெக்கானிக்கின் கையில் ஒரு தடித்த ரப்பர் குழாய் இருந்தது. அவர் விசில்காரரின் வாயைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், டர்போவைக் கையில் எடுத்தார். ஆட்டினார், சுற்றினார், உள்ளே டார்ச் அடித்தார்.

"கல்லு மாதிரி இருக்குண்ணே. இன்னும் ரொம்ப காலம் ஓடும்."

மகனின் மீசை தொங்கியது. "சரி, வண்டி இருக்கட்டும்" என்று முனகினான்.

"பொய் சொல்லாத. விசில் போயிடுச்சு" என்றார் விசில்காரர்.

"விசில் டர்போவோடது இல்லண்ணே. டர்போலேர்ந்து எஞ்சினுக்குக் காத்து போற குழாய் இது. இங்க பாருங்க, கீறல். காத்து இது வழியாத்தான் விசிலடிக்குது. இப்ப கீறல் பெரிசாயிடுச்சு, அதான் வண்டி மேடு ஏறல."

விசில்காரர் குழாயை வாங்கிக் கீறலைத் தடவிப் பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா இது ஓட்டையா? ஒரு குழாய மாத்த உனக்கு வலிச்சுதா?"

மெக்கானிக் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே போர்வை துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் மாத்தப் போறப்பல்லாம் அண்ணிதாண்ணே பட்டறைக்கே வந்து தடுத்துட்டாங்க, அந்த ஊளை தெருமுனையில கேட்டாத்தான் அவங்களுக்கு மூச்சே வருதாம்."