பச்சை மை டாக்டரும் என் எழுபத்தெட்டு மார்க்கும்

தொண்ணூறுகளில் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்திலிருந்து எம்.ஏ., எம்.எஸ்சி. என்று மேல்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேரை வடிகட்டியது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல. ஒரு மாட்டு டாக்டர்.

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அந்த நாளில் சான்றிதழின் ஜெராக்ஸை யாரும் சும்மா நம்பமாட்டார்கள். அசலைப் பார்த்து எடுத்த நகல்தான் என்று ஒரு கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தரவேண்டும். தாசில்தாரைப் பார்க்க இன்னொரு கெஜட்டட் ஆபீசரின் சிபாரிசு தேவைப்பட்டது. அரசுக் கல்லூரிப் பேராசிரியர்கள் சரியாக விண்ணப்ப சீசனில் கோடை விடுமுறைக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருந்தவர் எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டர். அவர் பெயர் முத்திரையில் இருந்தது, யாரும் படித்ததில்லை. பச்சை மை டாக்டர் என்றால் கண்டனூர் வரைக்கும் தெரியும்.

மற்ற அதிகாரிகள் நகலை அசலோடு ஒப்பிட்டார்கள். இவர் அசலை ஆளோடு ஒப்பிட்டார். கேட்டால் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

“மாட்டைப் பாக்காம மாட்டுக்கு சர்டிபிகேட் குடுத்தா என்னைய சஸ்பெண்ட் பண்ணிருவாக. உங்களை மட்டும் பாக்காம எப்படித் தம்பி குடுக்கிறது?”

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறதல்லவா? அதற்கு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பல்லைப் பார்ப்பார். பி.ஏ. ஆங்கிலம் முடித்தவனிடம் வெளிநாட்டு மருந்துப் பெட்டியில் இருந்த துண்டுச் சீட்டைக் கொடுத்து அர்த்தம் கேட்டார். அவன் இரண்டாம் வரியிலேயே வியர்த்து, பி.எட். படிக்கப் போய்விட்டான். இயற்பியல்காரன் ஒருவனிடம் ஊசி மருந்து வைக்கும் ஐஸ் பெட்டிக்கு வெளியே ஏன் தண்ணீர் துளிர்க்கிறது என்று கேட்டார். அவன் பெட்டி ஓட்டை என்றான். பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, மறுபடி துளிர்க்கும்வரை இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

நன்னடத்தைச் சான்றிதழ்தான் ஆபத்து. தேவகோட்டைப் பையன் ஒருவன் அதை நீட்டியபோது, பிறகு வரச்சொல்லிவிட்டு, பசு பார்க்கப் போன வழியில் அவன் தெரு டீக்கடையில் விசாரித்திருக்கிறார். கையெழுத்துப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் ஒரு சொல் சேர்த்துக் கொடுத்தார். தமிழில் சொன்னால், ‘பெரும்பாலும்.’

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நானும் போனேன். பி.எஸ்சி. தாவரவியல் முடித்து, எம்.எஸ்சி.க்கு ஒரு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க இருந்தேன். தாவரங்கள் ஓடா, கடிக்கா, கணக்குப் போடச் சொல்லா என்பதைத் தாண்டி எனக்கும் அவற்றுக்கும் பெரிய உறவு கிடையாது. சீட்டுக் கிடைக்காவிட்டால் ஆத்தங்குடியில் மாமாவின் தரைக்கல் பட்டறையில் வேலை தயாராக இருந்தது. ஆத்தங்குடிக் கற்களின் அழகைப் புகழாதவர்கள் இல்லை. அவற்றைத் தூக்கி அடுக்கியவர்கள் யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

விண்ணப்பம் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும். நான் போனது வியாழக்கிழமை. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பசுக்கள். எனக்குப் பின்னால் சவரியம்மாவும் அவர் ஆடும். சவரியம்மா எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். ஆடு நாலு காலையும் நாலு திசையில் வைத்துத் தள்ளாடியது.

“குடிச்ச ஆள் கணக்கா நடக்குது டாக்டரய்யா. எங்க வீட்டுக்காரகளாச்சும் பொழுது சாஞ்சாத்தான் இப்படி நடப்பாக. இது விடிஞ்சதும் ஆரம்பிச்சிருது” என்றார்.

டாக்டர் என் பல்லைப் பார்த்து முடித்து, மதிப்பெண் பட்டியலுக்கு வந்திருந்தார். டாக்ஸானமி என்றால் என்ன என்று கேட்டார். செடிகளை அடையாளம் கண்டு குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது என்றேன்.

“அதுல எழுபத்தெட்டா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். சவரியம்மா கையில் ஊதாப் பூவோடு ஒரு கொப்பு இருந்தது. கண்மாய்க் கரையில் ஆடு தேடித்தேடித் தின்பது இதைத்தான் என்று ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“காட்டாமணக்கு, சார்.”

“அதைத்தான் நான் வந்ததுமே சொன்னேனே” என்றார் சவரியம்மா. “படிச்சவுக வேற ஏதாச்சும் சொல்லுங்க.”

ஆமணக்குக் குடும்பம் என்று அடித்துவிட்டேன். டாக்டர் பூவைத் திருப்பினார். திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் மாதிரி வாய் விரிந்த பூ. ஆமணக்குப் பூ இப்படியா இருக்கும் என்று கேட்டார். எழுபத்தெட்டு மார்க்கும் வாயை மூடிக்கொண்டன. ஐந்து வருடக் கேள்வித்தாள்களை உருப்போட்டு வாங்கிய மார்க் அது. அவற்றில் எதிலும் ஆடு வரவில்லை.

“சார், நாளைக்குள்ள தபால்ல சேக்கணும். நீங்களே சொல்லிருங்களேன்.”

“எனக்குத் தெரிஞ்சா உங்களை எதுக்குக் கேக்குறேன்? பார்த்துட்டுக் காலையில வாங்க” என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். என்னை மடக்குவதற்காகக் கேட்டிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம். மனிதருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நேரே தேவகோட்டைக்கு பஸ் ஏறி வேறொரு அதிகாரியைத் தேடினேன். கண்டனூரில் கல்யாணம் என்று போயிருந்தார். திரும்பும் வழியில் கண்மாய்க் கரையில் இறங்கி ஒரு பை நிறையப் பூப் பறித்தேன். வீட்டில் தாவரவியல் புத்தகத்தைத் திறந்தபோது முதுகு படக்கென்று சத்தம் போட்டது. எனக்கல்ல, புத்தகத்துக்கு, அவ்வளவு புதுசு. பிளேடால் பூவை அறுத்து எண்ணினேன். இதழ்கள் ஒட்டியிருந்தன. மகரந்தத்தாள் ஐந்து. நம்பிக்கையில்லாமல் இன்னொரு பூ. பிறகு இன்னொன்று. பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று அம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். பதினோராவது பூவில்தான் தலை நிமிர்ந்தேன். மதியச் சோறு மூடிவைத்தபடி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி திறக்கும் முன் நின்றேன். சவரியம்மாவும் ஆட்டோடு வந்திருந்தார். பெயரில்தான் ஆமணக்கு, பிறப்பில் அது சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குச் சொந்தம் என்றேன்.

டாக்டர் எழுந்தே விட்டார். “சர்க்கரைவள்ளியா! அதான் ருசி கண்டு திங்குது. அப்ப விஷம் எங்குட்டு இருக்கு? இலையிலயா, விதையிலயா?”

“தெரியலை சார்.”

மூன்று வருடக் கல்லூரியில் நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாத ‘தெரியலை’ அது. அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். ஆட்டைக் கண்மாய்ப் பக்கமே விடாமல் வீட்டிலேயே கட்டிப்போட்டு வேறு தழை போடும்படி சவரியம்மாவிடம் சொல்லிவிட்டு, என் நகல்களை இழுத்து மளமளவென்று கையெழுத்துப் போட்டார். மதிப்பெண் பட்டியலில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் அதிகமாக ஓடியது.

தபாலாபீசில் உறையில் போடும்போதுதான் படித்தேன். ஆங்கிலத்தில், முத்திரைக்குக் கீழே: ‘உண்மை நகல். ஆளை நேரில் சோதித்தேன். பாடம் தெரியாது. தேடத் தெரியும்.’

வேறு ஜெராக்ஸ் இல்லை. கவுண்டரில் இருந்தவர் பசையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஒட்டிக் கொடுத்துவிட்டேன். அடுத்து வந்த நாட்களில் ஒரு கையால் எத்தனை தரைக்கல் தூக்கலாம் என்று மனதுக்குள் பழகிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. போனால், நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியை அந்த நகலைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். உங்களை எதற்கு ஒரு மாட்டு டாக்டர் சோதித்தார் என்று கேட்டார். ஆட்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“மகரந்தத்தாள் எத்தனை இருந்துச்சு?”

“அஞ்சு, மேடம். பதினோரு பூவை அறுத்துப் பார்த்தேன்.”

“விஷம் எதுல?”

“இன்னும் தெரியலை, மேடம்.”

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். போகச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒட்டிய தேர்வானவர் பட்டியலில் என் பெயர் கடைசியாக இருந்தது. கண்டுபிடிக்க நேரமாயிற்று. பரவாயில்லை, தேடத்தான் எனக்குத் தெரியுமே.

சேர்ந்த மூன்றாம் மாதம், விடுதிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. பச்சை மை. இரண்டே வரி.

‘சவரியம்மாவின் ஆடு நேராக நடக்கிறது. நீங்க எப்படி நடக்கிறீக?’

அவரிடம் பொய் எழுத முடியாது. நேரில் வந்து சோதித்தாலும் சோதிப்பார். ‘பெரும்பாலும் நேராகத்தான்’ என்று பதில் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன். இன்னொரு தரம் அவர் கேட்டால் நன்றாயிருக்கும்.