சுத்துவழி இழுத்த வயர்

ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அன்று பதினொரு மணிக்கு எனக்கு நேர்காணல் இருந்தது. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இலக்கிய ஆய்வுக்கு ஒரே ஓர் இடம். அதற்கு அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. கணினித் திரை வழியாகவே கேள்வி கேட்பார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்த அப்பா காற்றையும் திட்டவில்லை, விதியையும் திட்டவில்லை. "கூப்புடு அந்தச் சுத்துவழிய" என்றார்.

சுத்துவழியைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள மிகக் குறைந்த தூரத்தை மனமறிந்து வெறுத்த மனிதர், கம்பம் பள்ளத்தாக்கு முழுவதிலும் அவர் ஒருவர்தான். நேர்க்கோடு என்பது சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு என்று அவர் நம்பினார். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்கும் இணையம் நேராக வந்ததில்லை. அது நாலு மாடி ஏறி, ஒரு கொய்யா மரத்தைச் சுற்றி, பள்ளிவாசல் சந்தில் இளைப்பாறி, பிறகு உள்ளே வரும். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்டவர்கள் இல்லை.

ஊருக்கு இணையம் கொடுப்பதற்கு முன்பு அவர் கேபிள் டிவிக்காரர். ஒற்றை அறையில் இருந்துகொண்டு ஊருக்கென்று ஒரு சேனல் நடத்தினார். ஒரே படத்தை ஒரே நாளில் மூன்று தடவை போடுவார். கேட்டால், "முத தடவ புரியாதவுக இருப்பாகல்ல" என்பார். வீடுகளின் மேல் டிஷ் முளைத்தபோது ஊரே அவருக்காக வருத்தப்பட்டது. அவர் மட்டும் வருத்தப்படவில்லை. ஆனியும் ஆடியும் மேற்கு மலைக் கணவாய்கள் வழியாக எங்கள் ஊருக்குள் காற்றை அனுப்பும் என்பது அவருக்குத் தெரியும். காலையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டிஷ் மாலையில் எதிர்வீட்டுச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சுத்துவழி அதன் அடியில் வந்து நின்று, "என்னண்ணே, சேட்டிலைட்டு இன்னைக்கு அவுக வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கா?" என்று விசாரிப்பார்.

பிறகு சாலையோரம் பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழை வந்தது. இந்த முறை அவர் முடிந்தார் என்றார்கள். சில நாட்கள் அவர் யாரோடும் பேசாமல் திரிந்தது உண்மை. அதன்பின் அந்த இழையை வீடு வீடாகக் கொண்டுபோகும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். பழைய கறுப்பு கேபிளை எல்லாம் கழற்றி, கேட்டவர்களுக்குக் கொடுத்தார். இன்றும் எங்கள் ஊரில் ஆடிக்காற்றுக்குச் சாயாமல் வாழைகளை முட்டுக்கம்போடு சேர்த்துக் கட்டியிருப்பது அந்தக் கேபிளால்தான். ஒரு காலத்தில் சீரியல் ஓடிய வயரைப் பிடித்துக்கொண்டு இன்று வாழைகள் நிற்கின்றன.

கண்ணாடி இழை வந்தபின் அவர் பேச்சில் ஒரு பக்தி சேர்ந்துகொண்டது. "உள்ள ஓடுறது கரண்டுன்னு நெனைக்காதீக. வெளிச்சம்! மடக்குனீகன்னா மூச்சு முட்டிப் போகும்" என்று வீட்டுக்கு வீடு எச்சரித்தார். அவருடைய பரம எதிரி ஈரத்துணி. எந்த மாடியிலாவது வயரில் ஒரு துண்டு காய்ந்தால் போதும், தெருமுனையிலிருந்தே குரல் வரும்: "ஆத்தா, அது ஒயரு, கொடி இல்ல!" என் அம்மா அந்தக் குரலுக்கு ஒருநாளும் செவி சாய்த்ததில்லை. எங்கள் மாடிக்கு மேல் ஒரு வயர் போயிற்று. அதற்கு வெயில் நன்றாக விழும். தவிர, அது பெரியப்பா வீட்டு வயர். இந்த இரண்டு காரணங்களில் அம்மாவுக்கு எது முதன்மையானது என்று நான் கேட்டதில்லை.

இங்கே எங்கள் குடும்ப நிலவரத்தைச் சொல்ல வேண்டும். அப்பாவும் அவருடைய அண்ணனும் ஒரே சுவரின் இரு புறமும் வசிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு தென்னை இருக்கிறது. வேர் எங்கள் முற்றத்தில். தலை பெரியப்பாவின் மாடிக்கு மேலே. வேர் யாருடையதோ காய் அவருடையது என்பது அப்பாவின் கட்சி. காய் எங்கே விழுகிறதோ அங்கிருப்பவருக்கு உரியது என்பது பெரியப்பாவின் கட்சி. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது தொடங்கிய இந்த விவாதம், நான் முதுகலை முடித்தபோதும் முடியவில்லை. இரு வீட்டாரும் பேசிக்கொள்வதில்லை. நானும் அந்த வாசலை மிதித்ததில்லை.

இந்த இரண்டு வீடுகளுக்கும் சுத்துவழி இணையம் கொடுத்த விதம் இது: எங்கள் வாசலில் ஒரு கம்பம் நிற்கிறது, பெரியப்பா வாசலில் ஒரு கம்பம் நிற்கிறது. எங்கள் வயர் பெரியப்பா வாசல் கம்பத்தில் புறப்பட்டு, அவர் மாடியைக் கடந்து எங்களிடம் வருகிறது. அவர் வயர் எங்கள் வாசல் கம்பத்தில் புறப்பட்டு, எங்கள் மாடியைக் கடந்து அவரிடம் போகிறது.

ஒரே உத்தி மூன்று இடங்களில் வந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். வாய்க்கால் தண்ணீருக்காக அடித்துக்கொண்ட திராட்சைக்காரரின் வயர் வாழைத்தோப்பு வழியாகவும், வாழைக்காரரின் வயர் திராட்சைப் பந்தல் மேலாகவும் போவதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பஞ்சாயத்துத் தேர்தலில் மோதிக்கொண்ட இருவருக்கும் அப்படியே. ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"ஏன் மாமா, உங்க ஒயரெல்லாம் சண்டைக்காரங்க வீட்டு வழியாவே போகுது?"

"நேராப் போனா அறுப்பாக ஆத்தா. கேபிளு காலத்துல எம்புட்டு அறுத்தாக! பொண்டாட்டிகூடச் சண்டைன்னாக்கூட பக்கத்து வீட்டு ஒயரத்தான அறுத்தாக. இப்ப இவுக ஒயரு அவுக மாடியில, அவுக ஒயரு இவுக மாடியில. எங்க, அறுக்கச் சொல்லு பாப்போம்."

"அப்ப எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்னுதான்..."

அவர் உண்மையிலேயே பதறினார். "ஒத்துமையா? அது எனக்கு என்னத்துக்கு? மண்டைய வேணும்னாலும் ஒடைச்சுக்கட்டும். ஒயருல படாம ஒடைச்சுக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். கூப்பிட்டதும் "இந்தா வந்துட்டேன்" என்றவர் வந்து சேர வெகுநேரமாயிற்று. வாசல் வழியாக வரும் வழக்கம் அவருக்கு இல்லை. தெருக்கோடி வீட்டில் மாடி ஏறி, மாடி மாடியாகத் தாண்டி, இடையில் இரண்டு வீடுகளில் காபி குடித்துவிட்டுத்தான் வருவார். கடைசியாகப் பெரியப்பாவின் மாடியில் அவர் தலை தெரிந்தது. கீழே குனிந்து பார்த்தார். தீர்ப்பு வாசிக்கும் குரலில் எங்கள் பக்கம் அறிவித்தார்.

"அண்ணே! உங்க மரத்து மட்டை, உங்க வீட்டு ஒயர, அவுக மாடியில வச்சு அறுத்திருக்கு."

அறுந்ததை ஒட்ட ஒரு மிஷின் வைத்திருந்தார். அது காற்றில் வேலை செய்யாது என்றார். முனையைப் பெரியப்பா வீட்டுக்குள் இறக்கி, கூடத்தில் கதவைச் சாத்தி வைத்துத்தான் ஒட்ட முடியும். அப்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. கணினி மையம் தேடி உத்தமபாளையத்துக்குப் போக நேரமில்லை. கைபேசியில் பேச்சு வரும், முகம் வராது. எதிர்வீட்டார் ஆடிவெள்ளிக்கு வீரபாண்டி கோயிலுக்குப் போயிருந்தார்கள். பெரியப்பா வீட்டுக்கு மறுபக்கம் வாழைக்காய் மண்டி; அங்கே ஏலக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுப் பெரியப்பா மாடிக்கு வந்தார். அப்பாவும் ஏறினார். கைப்பிடிச் சுவர் நடுவில், எட்டினால் தொடலாம். இருவரும் சுத்துவழியிடம் மட்டும் பேசினார்கள்.

"ஏலே சுத்துவழி, என் வீட்டுக்குள்ள அவன் ஒயரு எறங்கக் கூடாதுன்னு அவன்கிட்டச் சொல்லு."

"அண்ணே, எறங்கக் கூடாதாம்."

"நான் ஒண்ணும் எறக்கச் சொல்லலைன்னு அவுககிட்டச் சொல்லு."

"சொல்லலையாம்."

"மட்டை யாரு மரத்து மட்டைன்னு கேளு."

"மட்டை யாரோடதுன்னு கேக்குறாக."

"காய் விழுந்தா அவுகளுது, மட்டை விழுந்தா மட்டும் என்னுதா? அதக் கேளு மொதல்ல!"

சுத்துவழி சற்று யோசித்தார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பி, "நல்ல கேள்வியா ஒண்ணு கேக்குறாக" என்றார்.

பெரியப்பா முகம் சிவந்தது. "அவன் ஒயர அவனே அறுத்துக்கிட்டான். இனி என் மாடிப் பக்கம் அது வரவே கூடாது" என்றார். அப்பா அதற்குமேல் தூது அனுப்பவில்லை. எங்கள் தலைக்கு மேல் போன பெரியப்பாவின் வயரை, அதில் காய்ந்துகொண்டிருந்த என் சுடிதாரோடு சேர்த்துப் பிடித்தார்.

"ஒரு இழு இழுத்தேன்னா அவுக வீட்டுலயும் சிவப்பு விளக்குதான். சொல்லு அவுககிட்ட."

சுத்துவழி அதைச் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் குரல் தணிந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இழுங்கண்ணே. ஆனா ஒண்ணு. இந்த ரெண்டு வீட்டுக்கும் சேத்து இப்ப உசுரோட இருக்கது அந்த ஒத்த ஒயருதான். அதையும் இழுத்துட்டீகன்னா பாப்பா இன்னைக்கு யாருகிட்டயும் பேச முடியாது."

காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரியப்பா தென்னையைப் பார்த்தார். அவருடைய மாடிப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"பிள்ளைக்குப் பதினோரு மணிக்குப் பரீட்சையாம்ல? தெருவே சொல்லுது. அண்ணனும் தம்பியும் தேங்காய எண்ணிக்கிட்டு நில்லுங்க. ஏத்தா, நீ இங்கிட்டு வா. அந்தச் சுவரத் தாண்டு."

அப்பா வயரை விட்டார். விட்டதும் என் சுடிதார் ஒருமுறை துள்ளி அடங்கியது.

நேர்காணலுக்கென்று உடுத்திய சேலையோடு கைப்பிடிச் சுவரைத் தாண்டினேன். கணினியைச் சுத்துவழி வாங்கிக்கொண்டார். கீழே கூடத்தில் பெரியப்பா வீட்டு இணையத்தோடு அதைச் சேர்த்தேன். பெரியம்மா மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார். அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தினார். யாரும் உள்ளே வராதபடி பெரியப்பா மாடிப்படியில் காவல் உட்கார்ந்தார். சுத்துவழி மட்டும் வெளியேற மறுத்தார். எனக்குப் பின்னால், பீரோவை ஒட்டி, சம்மணமிட்டு எங்கள் வயரை ஒட்டத் தொடங்கினார். "வெளிச்சத்த ஒட்டுறப்ப எந்திரிச்சா கொறை ஒட்டாப் போயிரும்" என்றார்.

பேராசிரியர்கள் மூவர் திரையில் தோன்றினார்கள். இரண்டாவது கேள்வியின் நடுவில் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உங்களுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் யார்?" என்று கேட்டார்.

"எங்கள் ஊர் இணையம், ஐயா" என்றேன்.

சுத்துவழி தலையை நிமிர்த்தாமல் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். அடுத்து, உரைநடையின் தோற்றம் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது மாடியில் தொப்பென்று ஒரு சத்தம். திரையில் மூவரும் திடுக்கிட்டார்கள். நான் விளக்குவதற்குள் மாடிப்படியிலிருந்து பெரியப்பாவே பதில் சொல்லிவிட்டார்.

"ஒண்ணுமில்ல சார், நம்ம மரத்துத் தேங்கா."

இத்தனை ஆண்டு வழக்கில் இரு கட்சியும் முன்வைக்காத வாதம் அது. சுத்துவழி மிஷினிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். உடனே மறுபடி குனிந்துகொண்டார்.

பேசி முடித்தபோது எங்கள் மோடத்தில் பச்சை விளக்கு வந்துவிட்டதாகச் சுவருக்கு அப்பாலிருந்து அம்மா கூவினார். சுத்துவழி சாமான்களைப் பைக்குள் போட்டார். திறந்திருந்த பைக்குள் சிறு பிளாஸ்டிக் இணைப்பான்கள் ஒரு கைப்பிடி கிடந்தன. அவற்றை வைத்து மிஷின் இல்லாமலே, காற்று அடிக்கும் மாடியில் நின்றபடியே வயரைச் சேர்க்கலாம். அன்று காலை மண்டிக்காரரின் வயரை அவர் அப்படிச் சேர்த்ததை எங்கள் மாடியிலிருந்து நானே பார்த்திருந்தேன்; என்ன செய்கிறார் என்பதுதான் அப்போது விளங்கவில்லை.

"மாமா, இதப் போட்டிருந்தா அப்பவே சரியாயிருக்கும்ல?"

"அது தற்காலிகம் ஆத்தா. அடுத்த காத்துக்கு விட்டுரும். திரும்பக் கூப்பிடுவீக, நான் திரும்ப மாடி ஏறணும். எனக்கு முட்டி வலி."

ஏற்கத்தக்க விளக்கம்தான். அதைச் சொல்லிவிட்டு, முட்டி வலிக்காரர் பெரியப்பாவின் கைப்பிடிச் சுவரிலிருந்து மண்டியின் தகரக் கூரைக்குத் தாவிப் போனார்.

எனக்கு அந்த இடம் கிடைத்தது. இப்போது நான் தங்கியிருக்கும் விடுதியில் இணையம் சுவரிலிருந்து நேராக வருகிறது. அது யாருடைய மாடியையும் தாண்டுவதில்லை. நின்றுபோனால் ஓர் எண்ணுக்குப் புகார் அனுப்புகிறோம். எப்போது சரியானது என்றே தெரியாமல் சரியாகிவிடுகிறது. காபி கேட்டு யாரும் வருவதில்லை. அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. தேங்காய்கள் மட்டும், விழுந்தபின், ஒன்றுவிட்டு ஒன்று கைப்பிடிச் சுவரின் மேல் வந்து உட்காருகின்றன என்று அம்மா சொல்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அப்பா சுத்துவழிக்குப் போன் செய்து, எங்கள் வயரை எங்கள் கம்பத்திலிருந்தே நேராக இழுத்துவிடச் சொன்னார். "சரிண்ணே, நேரா இழுத்துருவோம்" என்று அவர் உடனே ஒப்புக்கொண்டார். அந்த வேலைக்கு மட்டும் அவர் வரவே இல்லை. மறுநாள் விடிந்தபோது எங்கள் மாடிச் சுவரில் பழைய கறுப்பு கேபிள் ஒரு சுருள் கிடந்தது. எப்போது வந்து வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. எதற்கு என்பது எனக்குத் தெரிந்தது. பெரியப்பாவின் வயரிலிருந்து எங்கள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்தக் கேபிளைக் கொடியாகக் கட்டினேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நேராகவே கட்டியிருக்கலாம். தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, தென்னையையும் தொட்டுக்கொண்டு போய்க் கட்டினேன்.