நாக்பூராரின் ஞாயிற்றுக்கிழமை இந்தி

சங்ககிரியில் நாக்பூராரைப் போல இந்தி தெரியாத மனிதரை நான் பார்த்ததில்லை. எங்களில் பலருக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்பதாவது எங்களுக்குத் தெரியும்.

கடைவீதியில் ஒரு கட்டடம், அதன் மாடியில் லாரி ஆபீஸ். அவர் அங்கே புக்கிங் கிளார்க். கீழே டி.வி. கடை, டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே ரிப்பேர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவருடைய இந்தித் தகுதிகள் மூன்று: ஒருமுறை லோடோடு நாக்பூர் போனார், அங்கே வயிற்றுப்போக்கில் நான்கு நாள் படுத்திருந்தார், உயிரோடும் இந்தப் பட்டப்பெயரோடும் திரும்பினார்.

எண்பதுகளின் நடுவில், ஞாயிறு காலையில், குழந்தைகளுக்கென்று ஒரு இந்தித் தொடர் வந்தது. ஐந்து மாடி ஆபீஸ் கட்டடம், ஒரு குண்டு மேனேஜர், எந்நேரமும் எதையாவது தொலைக்கும் குமாஸ்தாக்கள். டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர் எங்கள் கடைத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நாக்பூரார் மட்டும் நாற்காலியில், டி.வி.க்குப் பக்கத்தில், சுட்டிக்காட்ட ஒரு பிரம்போடு.

"மேனேஜர் என்ன சொல்றாருங் மாமா?"

"லாரி ஆர்.சி. புக்கைக் காணோமாம் சாமி. தொலைச்சது அவரேதான். பழியப் போடறது, பாவம், புக்கிங் கிளார்க் மேல."

திரையில் மேனேஜர் தேடியது தன் மூக்குக்கண்ணாடியை. பள்ளி நாட்களிலேயே இரண்டு இந்திப் பரீட்சை பாஸ் செய்தவள் நான். என் சர்வீஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருடைய பிழைகளை எண் போட்டு எழுதி வந்தேன். பதினேழாவது பிழை, லிஃப்ட். பிள்ளைகள் யாரும் லிஃப்டைப் பார்த்ததில்லை, அவரும்தான்.

"அந்தச் சின்ன ரூமுக்குள்ள எதுக்குங் போறாங்க?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மேனேஜர் திட்டுனா உள்ள போயி அழுகறதுக்கு. பெரிய ஊரு ஆபீசுல அதுக்குன்னே ரூம் கட்டி உட்டிருக்கறாங்க. கதவு தானாச் சாத்திக்கும். அழுது முடிச்சாத் தானாத் தொறக்கும்."

அதற்குப் பிறகு அந்தத் தொடரில் யார் லிஃப்டுக்குள் போனாலும் பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள்.

மாமாவின் இந்திப் பெருமையைப் பிள்ளைகள் வீட்டில் சொல்ல, டிரைவர்கள் முதலாளியிடம் சொல்ல, நாக்பூர் கிளைக்கு இவரையே அனுப்புவது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். நாக்பூராருக்கு முகம் வெளுத்தது. போனால் அங்கே முதல் நாளே குட்டு உடையும். போகமாட்டேன், இந்தி தெரியாது என்றால், இருபது பிள்ளைகள் முன்னால் இங்கேயே உடையும்.

அடுத்த ஞாயிறு, சோதித்துப் பார்க்க முதலாளியே கடைக்கு வந்தார். கூட ஒரு பஞ்சாபி டிரைவர், இந்தி தெரியும், தமிழ் தெரியாது. திரையில் நான்கு பேர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். பஞ்சாபி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏய்யா, என்ன நடக்குது?" என்றார் முதலாளி.

"நாலு பேரும் உள்ள நின்னு அழுகறாங்கங்க."

"அப்பறம் இவன் எதுக்குச் சிரிக்கறான்?"

"லாரிக்காரனுங்களே. ஆபீஸ்காரன் அழுதா அவனுக்குச் சிரிப்புத்தானுங்க."

முதலாளி சிரிக்கவில்லை. முன்னால் இருந்த சிறுமி ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்களுக்கு இந்தி தெரியுமில்லீங்க? மாமா சொல்றது சரிதானுங்களே?"

சரி என்றால் அவர் நாக்பூர் போகவேண்டும். தப்பு என்றால் இந்தப் பிள்ளைகள் முகத்தில் அவரால் இனி விழிக்க முடியாது. நாக்பூரார் என்னைப் பார்க்கவே இல்லை. பிரம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டி.வி.க்குப் பின்னால் போய் ஆன்டெனா வயரைப் பிடுங்கினேன். திரை முழுக்கப் புள்ளி.

"ஆன்டெனா கோளாறுங்க. ரெண்டு மணி நேரம் ஆகும்."

முதலாளி பத்து நிமிடம் புள்ளிகளையே பார்த்தார். "இவன் சொல்றதும் வெளங்கல, பொட்டியும் வெளங்கல. நாக்பூருக்கு இந்தப் பஞ்சாபியே போகட்டும்" என்று எழுந்து போனார்.

நாக்பூரார் பிரம்பை நிமிர்த்தினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன படிப்புப் படிச்சே கண்ணு நீ? நல்ல சீன்ல படம் போயிருச்சே!"

மறுநாள் காலையில் என் மேஜைமேல் ஒரு பொட்டலம் ஆட்டையாம்பட்டி முறுக்கு இருந்தது. சுற்றியிருந்த தாள் லாரி ஆபீஸ் புக்கிங் ரசீது.

இப்போது எனக்குப் பெங்களூரில் வேலை. எட்டு மாடிக் கட்டடம். சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். முகம் மாறாமல் வெளியே வந்து லிஃப்டுக்குள் நுழைந்தேன். யாரும் இல்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கீழே வந்து அது தானாகத் திறப்பதற்குள் கண்ணைத் துடைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் பழைய சர்வீஸ் நோட்டைத் தேடி எடுத்து, பிழைப் பட்டியலில் பதினேழாம் எண்ணை அடித்துவிட்டேன்.