நாலுகம்பியும் வேர்க்கும் கிட்டாரும்

மரக்காணத்தில் நாலுகம்பி கையைப் பிடித்துப் பார்க்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் ஒன்று தொட்டில் குழந்தையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்று காலையில்தான் மாற்றலாகி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவராக இருக்க வேண்டும். இறங்கியவரும் சாயங்காலத்துக்குள் மாட்டிக்கொள்வார். டீக்கடையில் கிளாஸை வாங்கக் கை நீட்டும்போது லபக்கென்று மணிக்கட்டைப் பிடிப்பார். சட்டைப்பையிலிருந்து டெய்லர் டேப்பை உருவுவார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை விரிக்கச் சொல்லி அளந்துவிட்டு, "உங்களுக்கு முப்பத்திநாலு இன்ச் தாராளமா தாங்கும் சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். என்ன தாங்கும், எதற்குத் தாங்கும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வந்தவர் டீயை ஆறவிட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருப்பார்.

ஊர் நாலுகம்பி என்று பட்டப்பெயர் வைத்த இந்த மனிதர் என் அக்கா வீட்டுக்காரர். இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

தொழில் என்று பார்த்தால் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் புகைந்துபோகும். எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். ஆனால் அது அவருக்குச் சோறு போட மட்டும். உயிர் இருந்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில். அங்கே அவர் பேஸ் கிட்டார் செய்தார். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. இதற்கு நாலே கம்பி, ஒவ்வொன்றும் தடித்தடியாக. கரண்ட்டில் பேசும். டும் டும் என்று அடிவயிற்றில் போய் விழும் சத்தம். எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றதுதான். கற்றதைவிட அதிகம் தெரியும் என்று பேசுவது மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

ஆளுக்கேற்ற அளவில்தான் செய்வார். வாசிப்பவனின் கையை அளந்து, கம்பியின் நீளம் முப்பது இன்ச்சா முப்பத்திநாலா என்று முடிவு செய்யாமல் மரத்தில் ரம்பம் வைக்க மாட்டார். ஒருவருக்குச் செய்ததை இன்னொருவர் தொட்டால் அவருக்குப் பொறுக்காது. "அடுத்தவன் பல் செட்டை வாங்கி மாட்டிக்குவியா?" என்பார். புதுச்சேரியிலிருந்து பேண்டுப் பையன்கள் பைக்கில் வருவார்கள். சென்னையிலிருந்து ஒருவன் போனில், சுறா மீன் வடிவத்தில் வேண்டும் என்று கேட்டான். "சுறா வேணும்னா விடிகாலையில அனுமந்தைக் கடற்கரைக்குப் போ தம்பி, ஃப்ரெஷ்ஷா கிடைக்கும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

கிட்டாருக்குள் கம்பியின் சத்தத்தைப் பிடிக்கும் காயிலைச் சுற்ற அக்காவின் தையல் மிஷினைத்தான் பயன்படுத்துவார். முடியைவிட மெல்லிசான செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. அக்கா மிதிக்க வேண்டும், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே எண்ணுவார். நடுவில் குக்கர் விசில் வந்து எண்ணிக்கை விட்டுப்போனால் அன்றைக்கு வீட்டில் போர்தான். ஊரிலிருந்த பாதிப் பெண்களின் ரவிக்கை அந்த மிஷின் மேலே ஒரு கை மட்டும் வைத்துக் கிடக்கும்.

சாவு வீட்டையும் விடமாட்டார். எங்கள் தெருவில் உயரமான பெரியவர் ஒருவர் இறந்துபோனார். போன இடத்தில் எல்லோரும் மாலை போட, இவர் மட்டும் பிணத்தின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தடவினார். "ஐயோ, இந்த மாதிரி விரல் இனிமே எங்க கிடைக்கும்" என்று தழுதழுத்தார். பெண்கள் இன்னும் ஓங்கி அழுதார்கள். இறந்தவருடைய சம்சாரம், "எங்க வீட்டுக்காரருக்கு இவ்ளோ ஒட்டுதலான ஆள் இருந்தது எனக்கே தெரியாதே" என்று இவரைத் தேடி வந்து கும்பிட்டது. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் எதற்கு அழுகிறார் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அக்கா கல்யாணமாகி இந்த மனிதர் வந்த பிறகு, ஸ்கூலுக்கு என்னை சைக்கிளில் வைத்து மிதித்தவர் இவர்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரும் இவர்தான். என்ன செய்ய, உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நர்ஸம்மாக்களின் கையையும் அளந்துவிடுவார். அவர் என் மாமா என்பதைச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என்னைப் பெண் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வந்தார்கள். அக்கா டேப்பை எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்ததுதான் தாமதம், மாமா கையைப் பிடித்துவிட்டார். டேப் இல்லையா, தன் சாணாலேயே அளந்தார். மாமா முகம் வாடிப்போனது.

"விரல் கொஞ்சம் குட்டைதான். முப்பது இன்ச்சுக்கு மேல போவாது."

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரை பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டே, "குட்டைன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்களா?" என்றார்.

"அது வேற டிபார்ட்மென்ட் தம்பி. பொண்ணு தாராளமா குடுக்கலாம்" என்றார் மாமா. அப்படித்தான் எனக்குக் கல்யாணம் முடிவானது. அன்றைக்கே அவர், "சின்னவளே, மாதா கோயில்ல உன் கல்யாணப் பூசைக்கு பேஸ் நான்தான் வாசிக்கிறேன். எனக்குன்னு ஒண்ணு செய்யப் போறேன்" என்று அறிவித்தும் விட்டார். அக்காவிடம் ரகசியமாகக் கெஞ்சிப் பார்த்தேன். "நான் சொல்லி என்னைக்குடி கேட்டாரு?" என்றாள்.

தனக்கென்று செய்யப்போகும் கிட்டாருக்கு அவர் பிடித்த மரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். உப்புக் கிடங்கு ஒன்றை இடித்தார்கள். அதன் கதவுப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "உப்பு ஊறி ஊறி இரும்பாயிருக்குது பாரு. கரையான் கிட்ட வராது. இந்த மாதிரி மரத்துல உலகத்துல எவனும் பேஸ் செஞ்சதில்ல" என்றார். உண்மைதான், எவனும் செய்திருக்க மாட்டான்.

அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, ஈரக்காத்து அடிச்சா நம்ம உப்பு ஜாடி நீர்த்துப் போவுதே. இது நீர்க்காதா?"

"ஜாடியும் கிட்டாரும் ஒண்ணாடி உனக்கு? வார்னிஷ் அடிச்சா தீர்ந்துபோச்சு" என்றார். மேலே மூன்று கோட் அடித்தார். காயில் வைக்கும் குழிக்குள் அடிக்க மறந்துபோனார்.

மாதா கோயில் திருவிழா வந்தது. தேர் அன்றைக்குச் சாயங்காலப் பூசை, வெளியூர்ச் சாமியார் பிரசங்கம், கோயில் கொள்ளாத கூட்டம். கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளோட்டம் பார்க்கிறேன் என்று மாமா பாடற்குழுவோடு போய் நின்றுகொண்டார். என் வருங்கால மாமியாரும் வந்திருந்தார். முதல் பாட்டு அருமையாகப் போனது. தூணில் சாய்ந்திருந்தவர்கள் அதிர்வு தாங்காமல் நிமிர்ந்தார்கள். மாமா என் பக்கம் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். எனக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது.

பிறகு கடல் காற்று ஈரத்தோடு திரும்பியது. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரம். மணியடித்து, கூட்டமே முழங்காலில், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதியில் கொர்ர் என்று ஒரு சத்தம். எல்லோரும் கோயில் வேலை பார்க்கும் உபதேசியாரைப் பார்த்தார்கள். பாவம், அவருக்குத் தூங்கும் பழக்கம் உண்டு. அவர் திடுக்கிட்டு, "நான் இல்லீங்க" என்றார். சத்தம் பெருத்தது. மாமாவின் கிட்டார் வார்னிஷுக்கு வெளியே முத்து முத்தாக வேர்த்து நின்றது. குழிக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி, காயிலில் கரண்ட் கண்டபடி ஓடியது. அவர் துணியால் துடைக்கப்போக, ஸ்பீக்கர் டமார் என்று வெடித்தது. கைக்குழந்தைகள் மொத்தமாக வீறிட்டன. யாரோ மெயின் சுவிட்சை அணைக்க, பீடத்து விளக்கு, மைக், மின்விசிறி எல்லாம் ஒன்றாகச் செத்தன.

கூட்டத்தில் வாசித்தவர் முகத்தைப் பார்க்காத என் வருங்கால மாமியார் இருட்டில் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "யாருங்க அந்தக் கோளாறு?"

முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன். கரண்ட் வந்தபோது மாமா அங்கே இல்லை.

அன்றிலிருந்து நாலுகம்பி வேறு மனிதராகிவிட்டார். பஜாருக்குக் கோயில் தெரு வழியாகப் போகாமல் உப்பளத்து வரப்பைச் சுற்றிக்கொண்டு போனார். ஷெட்டில் இருந்த கிட்டார்களின் மேல் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினார். டீக்கடையில் யார் கை நீட்டினாலும் தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மோட்டார் கொண்டு வந்தவர்களிடம் "நாளைக்கு வாங்க" என்பதோடு சரி. ஊரே நிம்மதியாக டீ குடித்திருக்க வேண்டும். ஆனால் டீ மாஸ்டரே ஒருநாள் என்னிடம், "ஏம்மா, உங்க மாமாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? கடை வெறிச்சுனு இருக்குது" என்றார்.

அக்கா அழுதாள். "சண்டை போடக்கூட ஆள் இல்லடி. உன் கல்யாணத்துக்குக் கோயிலுக்குள்ள வரமாட்டாராம். வாசல்லயே நின்னுக்குறேன்னு சொல்றாரு."

இத்தனை நாள் இதைத்தானே நான் வேண்டிக்கொண்டிருந்தேன். கேட்டது கிடைத்ததும் வேண்டாம் என்றிருந்தது. ஷெட்டுக்குப் போனேன். ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மாமா, உள்ள வரமாட்டேன்னீங்களாமே."

"உன் மாமியார் முன்னாடி உன்னைத் தலைகுனிய வெச்சுட்டேன். நான் உள்ள வந்தா அவங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும். வேணாம் சின்னவளே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருஷமா ஒருநாள் விடாம என்னை அசிங்கப்படுத்திட்டு, முக்கியமான நாள்ல லீவு போடுறீங்களா? நீங்க வாசிக்கலன்னா நான் தாலி கட்டிக்க மாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது வேர்க்கும்மா."

"அப்ப வேற ஒண்ணை எடுத்துக்குங்க. இத்தனை இருக்குதே."

"அதெல்லாம் அடுத்தவன் அளவு" என்றார். அந்த நிலைமையிலும் அந்தக் கொள்கை மட்டும் அசையவில்லை.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய டிரங்குப் பெட்டிக்குள் குண்டு பல்பைப் போட்டு, கோழிக்குஞ்சு பொரிக்க வைப்பதுபோல் கிட்டாரை உள்ளே வைத்துக் காயவைத்தார். பூசை ஆரம்பித்ததும் வெளியே எடுத்தால் கொஞ்ச நேரம் தாங்கும். தாலி கட்டியதும் வரும் பாட்டு வரைக்கும் போதும். "சாமியார் பிரசங்கத்தை நீட்டாம இருந்தா சரி" என்றார்.

சாமியார் நீட்டினார். ஆதாம் ஏவாளில் ஆரம்பித்தார். நோவாவின் மனைவியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை என்று சொல்லி, அவரே நிறைய யோசித்தார். நான் மணக்கோலத்தில் சாமியாரைப் பார்க்காமல் பாடற்குழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா புதுத் துண்டால் கிட்டாரைத் துடைத்தார். துண்டு நனைந்ததும் சட்டை நுனியால் துடைத்தார். அக்கா பட்டுப்புடவை முந்தானையால் விசிறினாள். சாமியார் ஆபிரகாமுக்கு வந்து சேர்ந்தார்.

அப்போதுதான் மாமா குனிந்தார். ஸ்பீக்கருக்குப் போகும் வயரைச் சத்தமில்லாமல் பிடுங்கினார். கிட்டாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவைப் பார்த்து நடந்தார்.

"ஃபாதர்" என்றேன்.

பிரசங்கம் நின்றது. "என்னம்மா?"

"மன்னிச்சுக்குங்க ஃபாதர். சீக்கிரம் தாலி கட்டிடலாம்."

சாமியார் அங்கியில் மாட்டியிருந்த மைக் அதை அப்படியே கோயில் முழுக்கச் சொன்னது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குத் தோள் குலுங்கியது. சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அப்படி என்னம்மா அவசரம்?" என்றார்.

"எங்க மாமா கிட்டாரு வேர்க்குது ஃபாதர். அதோ போறாரே, அவர்தான் எங்க மாமா. அவரை நிக்கச் சொல்லுங்க."

மாமா கதவருகிலேயே நின்றுவிட்டார். ஆபிரகாம் பாதியில் விடப்பட்டார். தாலி ஏறியது. மாமா ஓடிவந்து வயரைச் சொருகி, எனக்காக வாசித்தார். கடைசி வரியில் ஒரு கொர்ர் வந்தது உண்மைதான். பாடற்குழு அதற்கு மேல் சத்தமாகப் பாடி மூடிவிட்டது.

புகுந்த வீட்டில் எனக்கு இன்றைக்கும் பெயர் அவசரக்காரிதான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் மாமியார், "எங்க மருமக சாமியாரையே நிறுத்தினவ" என்று ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு மானம் போகும். போகட்டும்.

அன்று பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒதுங்கி நின்று, நனைந்த சட்டையோடு, "உன்னை எல்லாரும் சிரிக்கிற மாதிரி ஆக்கிட்டேனே சின்னவளே" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். சுற்றியிருந்த பெண்கள், "பொறந்த வீட்டை விட்டுப் போறதுன்னா அழுகை வராதா?" என்று என்னைத் தேற்றினார்கள். அவர்கள் சொன்னது சரிதான். நான் விட்டுப் போன பிறந்த வீடு அந்த மனிதர்தான்.