லண்டன் அக்கா தைத்த சட்டை

ஓசூரில் குளிர் எதற்காக அடிக்கிறது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் எங்கள் லண்டன் அக்காதான். நாங்களெல்லாம் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு குளிரைத் திட்டுவோம். அக்காவோ, விக்டோரியா காலத்துச் சீமாட்டிகளின் உடையைத் தான் போட்டுக்கொள்வதற்காகவே அது தளி மலையிலிருந்து இறங்கி வருகிறது என்று நம்பினாள்.

லண்டனுக்கெல்லாம் அவள் போனதில்லை. தளியில் பிறந்தவள், கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டியதே இரண்டு முறைதான். பெண்கள் விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில், கம்பெனியில் பேக்கிங் பிரிவு. போனில் பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து, சுடிதாருக்குக் கழுத்தை மூடும் லேஸ் காலரும் பூசணிக்காய் அளவுக்குப் பஃப் கையும் வைத்துத் தைப்பாள். விடியற்காலையில் மொட்டை மாடியில், பனிக்குள் அவள் நிற்பதைப் பார்த்தால் யாரோ வேறு நூற்றாண்டில் நிற்பது போலவே இருக்கும். கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பாள்.

"நோடு, அந்தக் காலத்து லண்டன்லயும் இதே பனி, இதே பேக்டரிப் பொகதான். நாம மட்டும் ஏன்டி நைட்டியில நிக்கணும்?"

நான் நைட்டிக்கு மேல் ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொள்வேன்.

அந்தச் சீமாட்டிகள் பாவாடைக்குப் பின்னால் குட்டி மெத்தை ஒன்றைக் கட்டிக்கொள்வார்களாம். அக்காவும் ஒன்று தைத்துக் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸே சிரித்தது. "ஏம்மா, ரெண்டு சீட்டு புடிப்பியா?" என்றார் டிரைவர். ஜூஜுவாடி நெரிசலில், கட்டாந்தரை போன்ற அந்த சீட்டில் ஒரு மணி நேரம் நாங்கள் நெளிந்துகொண்டிருக்க, அக்கா மட்டும் கண்ணை மூடிக் கனவு கண்டுகொண்டிருந்தாள். அடுத்த மாதம் பஸ்ஸில் பாதிப் பேருக்குப் பின்பக்கம் மெத்தை. டிரைவரும் கேட்டு ஒன்று வாங்கிக்கொண்டார்.

எனக்கு அப்போது சிரிக்கும் நிலைமை இல்லை. லைன் லீடர் வேலைக்கான நேர்காணலில் இரண்டு முறை தோற்றிருந்தேன். கூன் போட்டு உட்கார்ந்து நெஞ்சுக்குள்ளேயே பேசுவது என் வழக்கம். இந்தத் தடவையும் இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டுச் சாத்தூருக்கு வந்துவிடு, கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும்.

அக்கா ஒரு வாரம் எதையோ மறைத்து மறைத்துத் தைத்தாள். முதுகு நிமிர்ந்து நிற்பதற்காகச் சீமாட்டிகள் இடுப்புச் சட்டைக்குள் திமிங்கில எலும்பு வைத்துத் தைப்பார்களாம். ஓசூரில் திமிங்கிலத்துக்கு எங்கே போவது? பேக்கிங்கில் கழித்துப் போட்ட, பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை வைத்துத் தைத்துவிட்டாள். நேர்காணல் அன்று காலை சுடிதாருக்குள் அதை மாட்டிவிட்டு, முழங்காலை என் இடுப்பில் ஊன்றி நாடாவை இழுத்தாள்.

"யக்கா, மூச்சு முட்டுது!"

"சும்னே இரு. முட்டுனாத்தான் நிமிருவ."

நிமிர்ந்தேன். பஸ்ஸில் இடமில்லாமல் நின்றுகொண்டே வந்ததால், சிக்கல் நேர்காணல் அறையில்தான் தெரிந்தது. அக்கா என்னை நிற்க வைத்தே அளவெடுத்திருந்தாள். பட்டை தொடைவரை இறங்கியிருந்தது. எந்தப் பக்கமும் வளைய முடியவில்லை.

"உக்காருங்கம்மா" என்றார் மேனேஜர்.

"பரவால்ல சார், நிக்கேன்."

"அட, உக்காருங்க."

"லைன் லீடர் நின்னுக்கிட்டுதான சார் வேலை பாக்கணும்?"

அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. எதிரே இருந்த மூன்று பேரும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கூனிக்கொள்ள வழியில்லாததால் குரலும் வெளியே வந்துவிட்டது. அரை மணி நேரம் நின்றபடியே சத்தமாகப் பதில் சொன்னேன். அங்கேயே வேலையைக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்தால், ஷிப்டுக்குப் போகாமல் கேட்டுக்கு வெளியே சாலையில் அக்கா நிற்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உக்கார வெச்சுப் பாக்க மறந்துட்டன்டி! அடுத்த பஸ்ல வரும்போதுதான் நெனப்பு வந்துச்சு. என்னால உன் வேல போச்சா?"

"கெடச்சுருச்சுக்கா."

அவ்வளவுதான், என்னைக் கட்டிக்கொண்டு நடுச்சாலை என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். பெங்களூர் லாரிகளெல்லாம் ஒதுங்கிப் போயின. எனக்காக ஒருவர் அப்படி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.